வெயிலை விற்றுவிட்டு இரவில் நெல் குற்றுகிறவர்களுக்கு

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்து அரிசி ஆலை, ஐஸ் ஆலை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அண்ணன்மாரே, காக்காமாரே, ஹாஜியார்மாரே,

என்னை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். காத்தான்குடியில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஏணி கட்டிய முச்சக்கர வண்டியில் போய்வரும் சோலார்காரன்தான் நான். பெயர் தெரிந்தவர்கள் குறைவு. "சோலார்த் தம்பி" என்றால் போதும், ஆள் வந்துவிடும். முன்பு வீட்டு வயரிங் செய்தேன். இப்போது பத்து வருடமாகக் கூரைதான் சீவியம். உங்கள் ஆலைக் கூரைகள் சிலவற்றின் ஆணி எங்கே துருப்பிடித்திருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும்.

சென்ற பெரும்போக அறுவடை நேரம் ஒரு ஆலை முதலாளி இரவு பத்தரைக்குப் பிறகு கூப்பிட்டார். பனல் கரண்டை லைனுக்கு ஏற்ற மாதிரி மாற்றும் இன்வேட்டரில் சிவப்பு லைட் எரிகிறதாம். பகலில் வந்து பார்க்கிறேன் என்றேன். "பகல்ல நான் மில்லில நிக்கிறல்ல தம்பி, இப்பவே வாங்க" என்றார். போனேன். வயல்வட்டைக்கு நடுவே ஆலை இரைந்துகொண்டிருக்கிறது. பொலிஷர் ஓடுகிறது, லொறியில் மூடை ஏறுகிறது, உமி ஒரு பக்கம் மலையாகக் குவிகிறது. தலைக்கு மேலே 40 கிலோவாற் பனல்கள் இருட்டில் தூங்குகின்றன. இன்வேட்டரில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. பகல் முழுக்க விளைந்த கரண்ட் லைனுக்குப் போயிருக்கிறது. இரவு முழுக்க ஆலைக்குத் தேவையான கரண்ட் லைனில் இருந்து வருகிறது.

"இதென்ன காக்கா, உங்கட வெயிலை வித்துப்போட்டு ஊராட கரண்டை வாங்கி அரைக்கிறீங்க" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, நாங்க யாவாரம் செய்யிறம். ராவைக்குத்தான் கரண்ட் மலிவு."

கணக்கில் அவர் சொன்னது சரி. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் மீட்டரை நீங்களே அறிவீர்கள். பெரிய பாவனைக்காரருக்கு நாள் மூன்று துண்டு. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல். 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சம். 10.30 முதல் விடிய 5.30 வரை குறைந்த நேரம். அந்தக் கடைசித் துண்டுதான் மலிவு. இது வகுக்கப்பட்ட காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையத்தை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. ஆறவிட்டால் மீண்டும் சூடேறி லைனில் சேர மணிக்கணக்கில் போகும். ஊர் தூங்கும்போதும் அது எரியத்தான் வேண்டும். எரிகிறதை யாராவது பாவிக்கட்டும் என்று இரவு விலையைக் குறைத்தார்கள். நீங்களும் ஆலையை இரவுக்கு மாற்றினீர்கள். அந்தக் காலத்தில் உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற அரசின் கூரைச் சோலார்த் திட்டம் தொடங்கிய பிறகு கூரைகள் மாறிவிட்டன. முதல் ஏழு வருடத்துக்கு லைனுக்கு விற்கும் யூனிட்டுக்கு 22 ரூபா என்று அப்போது சொன்னதும் வாத்தியார்மார், டொக்டர்மார், கடைக்காரர் என்று எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். இன்று நாட்டின் வீட்டுக் கூரை, கடைக் கூரை, ஆலைக் கூரைகளில் உள்ள பனல்களின் மொத்தக் கொள்ளளவு நுரைச்சோலையைத் தாண்டிவிட்டது. கொள்ளளவு வேறு, யூனிட் வேறு. நிலக்கரி இரவும் பகலும் எரியும், பனல் வெயிலுக்கு மட்டும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நாட்டு லைனில் என்ன நடக்கிறது என்பதை இந்தப் பனல்கள் தலைகீழாக்கிவிட்டன.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். முற்பகல் பதினொன்றைக் கடந்த நேரம் நாடு முழுக்க கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்றதும் எல்லோரும் சிரித்தோம். என் போனுக்கும் குரங்குப் படம் பத்து வந்தது. சிரிப்பை விட்டுவிட்டு யோசித்தால் விசயம் வேறு. ஞாயிறு, ஆலை, கந்தோர், தொழிற்சாலை எல்லாம் ஓய்வு. வெயிலோ உச்சம். லைனில் பாவனை குறைவு, சூரியக் கரண்ட் அதிகம், சுழல்கிற பெரிய இயந்திரங்கள் குறைவு. உங்கள் வாப்பாமார் வைத்திருந்த பழைய டீசல் எஞ்சினின் பெரிய சில்லை நினைத்துப் பாருங்கள். மூடை நெல்லை ஒரேயடியாகக் கொட்டினாலும் அந்தச் சில்லின் கனம் எஞ்சினை நிற்கவிடாமல் இழுத்துக்கொண்டு போகும். நாட்டு லைனுக்கும் அப்படி ஒரு சில்லு உண்டு. அது நிலக்கரி, நீர் நிலையங்களின் சுழலும் இரும்பு. பனலில் சுழல்கிறது ஒன்றுமில்லை. சில்லு கனம் குறைந்த நேரம் ஒரு சின்ன அதிர்ச்சி வந்தாலே எல்லாம் சரிந்துவிடும்.

பிறகு சித்திரைப் புத்தாண்டு. ஏப்ரல் 13 முதல் 21 வரை, தினமும் பிற்பகல் 3 மணி வரைக்கும் கூரைச் சோலாரைத் தாமாக முன்வந்து நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. அந்தக் கிழமை என் போன் ஓயவில்லை. "மகன், எந்த சுவிட்சை முதல்ல நிப்பாட்டுற?" என்று வயதான அம்மாமார் கேட்டார்கள். முதலில் ஏசி பக்கம், பிறகு டீசி பக்கம் என்று நாற்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். ஒரு ஆச்சி சொன்னார்: "வெயிலைப் புடிக்கத்தானே கடன்பட்டம், இப்ப அதை விடச் சொல்றாங்களே." எனக்குப் பதில் வரவில்லை. வெயில் கொட்டுகிற நேரத்தில் சுவிட்சை அணைப்பதும், இருட்டிய பிறகு நிலக்கரி எரிப்பதும் ஒரே நாட்டில், ஒரே நாளில் நடந்துகொண்டிருந்தன.

அந்த நாட்களில்தான் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. நண்பகலில் கரண்டை விழுங்கக்கூடிய ஆட்கள் இந்தக் கரையில் யார் என்று யோசித்தேன். வீடுகள் இல்லை, வீட்டில் பகலில் ஒரு ஃபிரிஜ்ஜும் ஒரு ஃபேனும்தான். நீங்கள்தான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஐஸ் ஆலை. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறை வட்டைகளிலும் அரிசி ஆலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருடம் எடுத்தது, வெட்கமாக இருக்கிறது. நமக்கு மழை வாடையோடு வரும். கார்த்திகை, மார்கழி, தை இந்த மூன்று மாதமும் பனல்கள் மேகத்துக்குக் கீழே சும்மா கிடக்கும். அந்த மாதங்களில் உங்களுக்கும் வேலை குறைவு. வயல் இன்னும் பச்சை, கடல் கொந்தளிப்பு, தோணி கரையில். மாசி பங்குனியில் வெயில் திரும்புகிறது; பெரும்போக நெல்லும் அப்போதுதான் வருகிறது. கடல் அடங்கி மீன் வருகிறது, ஐஸ் தேவை ஏறுகிறது. ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்க வெயில் கொளுத்தும். சிறுபோக நெல் களத்துக்கு வரும். நெல்லுக்கும் மீனுக்கும் வெயிலுக்கும் இந்தக் கரையில் ஒரே பஞ்சாங்கம். இப்படி ஒரு பொருத்தம் எல்லா ஊருக்கும் வாய்க்காது. குளிர் நாடுகளில் வெயில் கோடையில், கரண்ட் தேவை மாரியில். அவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நமக்கு மாதம் பொருந்துகிறது, மணிக்கூடு மட்டும்தான் பிழை.

சரி, கணக்குக்கு வருவோம். 40 குதிரை வலு மோட்டர் என்றால் ஏறத்தாழ 30 கிலோவாற். முழுச் சுமையில் ஐந்து மணித்தியாலம் ஓடினால் 150 யூனிட். அந்த 150 யூனிட்டும் நிலக்கரியில் இருந்து வந்தால் கிட்டத்தட்ட அதே அளவு கிலோ காபனீரொட்சைட்டு மேலே போகும்; யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. கரண்ட் போய் ஜெனரேட்டரைப் போட்டால் ஒரு லீற்றர் டீசலுக்கு மூன்று யூனிட் கிடைக்கும். 50 லீற்றர் போகும். லீற்றருக்கு 2.7 கிலோ காபனீரொட்சைட்டு, போதாததற்குக் கரிப்புகை. கூரையில் 50 கிலோவாற் இருந்தால் நம் பக்கத்து வெயிலுக்கு நல்ல நாளில் 200 யூனிட் வரும். ஒரு கிலோவாற்றுக்கு 50, 60 சதுர அடி கூரை வேண்டும். உங்கள் ஆலைக் கூரையை நீங்களே அளந்து பாருங்கள், இடம் மிஞ்சும்.

அரைத்து வைத்த அரிசி கெட்டுப்போகாது. பன்னிரண்டு மணிக்கு அரைத்த அரிசியும் இரவு பன்னிரண்டுக்கு அரைத்த அரிசியும் காலையில் லொறியில் ஏறும்போது ஒன்றுதான். ஆட்கள் பற்றரி, பற்றரி என்கிறார்கள். விலை இறங்கிக்கொண்டு வருகிறது, நல்லது, வீடுகளுக்கு நானும் பூட்டுகிறேன். ஆனால் உங்கள் களஞ்சியத்தில் அடுக்கியிருக்கும் மூடை ஒவ்வொன்றும் ஏற்கனவே ஒரு பற்றரிதான். வெயில் நேரத்துக் கரண்ட் அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

ஐஸ் அதைவிடப் பொருத்தம். ஆனால் அங்கே சிக்கலும் கூட; ஐஸ் ஆலைக்காரர் என்னைப் பிடித்து ஏசுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நம் வெக்கைக்கு ஒரு தொன் கட்டி ஐஸ் செய்ய 60 யூனிட்டுக்குக் கிட்டப் போகும், ஆலை பழையது என்றால் கூடப் போகும். ஒரு பெரிய கட்டி உறைய பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். வெயில் ஐந்து மணித்தியாலம்தான் உச்சத்தில் நிற்கும். ஆகவே "பகலில் மட்டும் ஐஸ் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அவருக்கு ஐஸ் தெரியாது. செய்யக்கூடியது வேறு. கட்டிகள் நிற்கும் அந்த உப்புத்தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அது குளிரைப் பிடித்துவைக்கும். நண்பகலில் கொம்பிரசரை முழுமூச்சில் ஓட்டி உப்புத்தண்ணீரை வழமையைவிட இரண்டு மூன்று பாகை கீழே கொண்டுபோங்கள். மாலை 6.30 முதல் 10.30 வரை, கரண்ட் மிக விலையான அந்த நான்கு மணித்தியாலம், கொம்பிரசரை நிறுத்திவிட்டுத் தண்ணீரைக் கிண்டும் விசிறியை மட்டும் விடுங்கள். தொட்டியின் மூடியும் சுவரும் ஒழுங்காக இருந்தால் கட்டி உறைந்துகொண்டே இருக்கும். மூடிப் பலகைக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி உள்ள ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே முதலில் மூடியைத் திருத்துங்கள், பனலைப் பிறகு பார்ப்போம். இதைச் சொல்வதால் எனக்கு வியாபாரம் குறையும், பரவாயில்லை.

மீன்காரர் நிலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340க்கு ஏறியபோது கல்முனைக் கரையிலும் வாழைச்சேனையிலும் எத்தனை தோணி கரையில் கிடந்தது. எஞ்சின் எண்ணெயை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஐஸ் விலையையாவது டொலரில் இருந்து கழற்ற முடியும். வெயிலுக்குக் கப்பல் வரத் தேவையில்லை.

இனி உங்கள் பக்க நியாயங்கள். இவை நான் கூரையிலும் தேநீர்க்கடையிலும் கேட்டவை.

முதலாவது, வெக்கை. ஆலைக்குள் பகலில் தகரக் கூரைக்குக் கீழே ஆள் நிற்க முடியாது, வேலையாட்களே இரவைத்தான் கேட்கிறார்கள் என்கிறீர்கள். உண்மை. கச்சான் காலத்தில் அந்தத் தூசிக்குள் நானும் நின்றிருக்கிறேன். பனல் போட்டால் கூரைக்கு மேல் நிழல் விரிந்த மாதிரி. உள்ளே வெக்கை கொஞ்சம் இறங்கும். ஆனால் அதை நம்பி மட்டும் ஆளை நண்பகலில் நிறுத்தாதீர்கள். காற்றுப் போக வழி வையுங்கள், உமித்தூசியை இழுக்கும் விசிறி வையுங்கள், இடைவேளை கொடுங்கள். பகல் வேலை என்பது அவர்களுடைய பிள்ளைகள் அப்பாவை, வாப்பாவை இரவில் வீட்டில் காண்பதும்தான். இதைப் பற்றி வேலையாட்களிடமே கேளுங்கள், என்னிடம் அல்ல.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ நேரம் சரியாக வெயில் உச்சத்தில் வருகிறது என்று ஒரு ஹாஜியார் சொன்னார். நிற்கட்டும். கிழமைக்கு ஒரு நாள் ஒன்றரை மணித்தியாலம்.

மூன்றாவது, "கரண்ட் போனால் சோலாரும் நிற்குதே, பிறகென்ன சோலார்?" 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தபோது இந்தக் கேள்விக்காக எனக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சமில்லை. லைனோடு இணைத்த இன்வேட்டர், லைன் செத்தால் தானும் நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்கிற மனிதன் உங்கள் கூரைக் கரண்டில் சாகக்கூடாது என்பதற்காகத்தான். இப்போது ஜெனரேட்டரோடும் பற்றரியோடும் ஒத்துப்போகும் இன்வேட்டர்கள் உண்டு. லைன் செத்தாலும் ஆலைக்குள் மட்டும் ஓடலாம், டீசல் செலவு இறங்கும். ஆனால் பெரிய மோட்டரை நேரடியாகத் தட்டினால் தொடக்கத்தில் ஐந்து ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். எந்தச் சின்ன இன்வேட்டரும் கையைத் தூக்கிவிடும். மெல்லத் தொடக்கிவிடும் கருவி ஒன்றை மோட்டருக்கு முன்னால் போட வேண்டும். விற்க வருகிறவர் இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

நான்காவது, தூசி. இதை நீங்கள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஆலைக் கூரைப் பனலில் உமித்தூசி படிந்தால் விளைச்சல் விழும். ஒரு ஆலையில் பனலின் நிறமே தெரியாமல் மண்ணிறப் போர்வை போர்த்திக் கிடந்தது. "கம்பனிக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்று முதலாளி கோபத்தில் இருந்தார். கழுவினோம், மீட்டர் எழும்பியது. அறுவடை மாதங்களில் கிழமைக்கு ஒரு தடவையாவது கழுவுங்கள். விடியக் கழுவுங்கள், நண்பகலில் சுடுகிற கண்ணாடியில் குளிர்தண்ணீர் ஊற்றாதீர்கள். அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் ஆளை ஏறவிடாதீர்கள், அது உடையும். கடற்கரைக்குக் கிட்ட உள்ளவர்கள் இரும்பு ஆணியைத் தொடவே வேண்டாம், உப்புக்காற்று இரண்டு மாரியில் தின்றுவிடும். அப்புறம், வெயில் எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு கரண்ட் என்று நினைக்காதீர்கள். பனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. பனலின் சூடு 25 பாகைக்கு மேலே ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் விளைச்சல் அரைச் சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைய விழும். மாசி, பங்குனியில் வரும் விளைச்சல் ஆடியில் வராவிட்டால் பனல் பழுதென்று என்னைக் கூப்பிடாதீர்கள்.

ஐந்தாவதுதான் பெரியது. விலை. "பகலில் அரைத்தால் எனக்கு என்ன லாபம்?" நெட் பிளஸ் (Net Plus) திட்டத்தில் உள்ளவர் கூரைக் கரண்டை முழுதாக விற்கிறார், ஆலைக்கு வேண்டியதை முழுதாக வாங்குகிறார். அவர் எப்போது அரைத்தாலும் விற்கும் விலை மாறாது, வாங்கும் விலை இரவில்தான் மலிவு. பழைய ஒப்பந்தக்காரர் இரவை விட்டு வந்தால் நட்டம். இதை மறுக்க என்னால் முடியாது. புதிதாகச் சேர்பவர்களுக்கு விற்கும் விலை இப்போது மிகவும் இறங்கிவிட்டது. அவர்களுக்குத் தங்கள் கரண்டைத் தாங்களே பாவிப்பதுதான் புத்தி. மற்றவர்களுக்கு விலைப்பட்டியல் மாற வேண்டும்.

அங்கேதான் நீங்கள் தேவை. நான் ஒரு கூரைத் தொழிலாளி, நான் கேட்டால் யார் கேட்பார்கள்? ஆலைக்காரர் சங்கமாகச் சேர்ந்து ஒரு மனு கொடுத்தால் மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பார்க்கத்தான் வேண்டும். கட்டணம் மாற்றும்போதெல்லாம் அவர்கள் பொதுமக்கள் கருத்துக் கேட்கிறார்கள். அந்த மேசைக்கு நம் கரையில் இருந்து யார் போகிறார்கள்? கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: நண்பகலுக்கு ஒரு நாலாவது விலை. காலை ஒன்பது பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை, இரவு விலைக்குச் சமமாக அல்லது அதற்கும் கீழே. இது கனவு இல்லை. பக்கத்து இந்தியாவில் 2023இல் விதியையே திருத்தினார்கள். சூரிய நேரம் என்று பகலில் எட்டு மணித்தியாலத்தை ஒதுக்கி, அந்த நேரத்துக்கு விலை வழமையைவிடக் குறைந்தது 20 சதவீதம் கீழே இருக்க வேண்டும் என்றார்கள். 10 கிலோவாற்றுக்கு மேலே தேவையுள்ள வியாபாரத்துக்கும் கைத்தொழிலுக்கும் 2024 ஏப்ரல் முதலாம் திகதியில் இருந்து என்று திகதியும் வைத்தார்கள். ஏப்ரல் வந்தால் சுவிட்சை நிறுத்தச் சொல்வதைவிட, ஏப்ரல் வந்தால் ஆலையை ஓட்டச் சொல்வது நாட்டுக்கும் மலிவு.

அம்பாறைப் பக்கத்து இங்கினியாகலையை ஒரு நிமிடம் நினையுங்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் சேனாநாயக்க சமுத்திரத்தைக் கட்டி, அதன் அடியில் 11 மெகாவாற் மின்நிலையம் வைத்தார்கள். வயலுக்குத் தண்ணீர் திறந்தால் கரண்ட் வரும், திறக்காவிட்டால் வராது. நெல்லின் நேரத்துக்கு மின்சாரம் காத்திருந்தது. உங்களில் பலருடைய வயலுக்கு இன்றைக்கும் அந்த வாய்க்கால் தண்ணீர்தான். இப்போது முறை மாறியிருக்கிறது: வெயிலின் நேரத்துக்கு நெல் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். களஞ்சியத்தில் மூடை காத்திருப்பது ஒன்றும் புதினமில்லையே.

"உலகம் சூடாகிறதென்றால் எனக்கென்ன தம்பி, இலங்கை விடுகிற புகை எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டார். ஆளுக்குக் கணக்குப் பார்த்தால் நாம் விடுகிறது மிகக் குறைவுதான், பணக்கார நாடுகள் விட்ட புகைக்கு நாம் நனைகிறோம், அதுவும் உண்மை. ஆனால் கேட்டவர் நெல் வியாபாரி. ஆகவே நெல்லில் பதில் சொல்கிறேன். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1992 முதல் 2003 வரை வயலில் அளந்தார்கள். 2004இல் வெளிவந்த முடிவு: வளரும் காலத்தில் இரவு வெப்பம் ஒரு பாகை ஏறினால் விளைச்சல் 10 சதவீதம் விழுகிறது. பகல் வெப்பம் அல்ல, இரவு வெப்பம். நாம் தூங்கும் நேரத்தில் நெல்லும் மூச்சு விடுகிறது. இரவு சூடாக இருந்தால் பகலில் சேர்த்ததை அது எரித்துத் தீர்க்கிறது. பூக்கும் நேரத்தில் பகல் 35 பாகையைத் தாண்டினால் பதர் விழும், அதைப் பெரிய வயற்காரரான போடியார்மார்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். கடந்த 2024 உலகம் அளந்த வருடங்களிலேயே மிகச் சூடானது. பதர் கூடினால் உங்கள் ஆலைக்கு வருவது உமிதான், அரிசி அல்ல.

வெள்ளமும் அப்படித்தான். ஒவ்வொரு வெள்ளத்தையும் நுரைச்சோலைப் புகையோடு முடிச்சுப்போடுகிறவன் நானில்லை. நம் கரைக்கு 1978 சூறாவளி தெரியும், 2011 சனவரி வெள்ளம் தெரியும். ஆனால் காற்று ஒரு பாகை சூடானால் ஏழு சதவீதம் கூட நீராவியைத் தாங்கும். தாங்கியதை எங்கேயாவது கொட்டத்தானே வேண்டும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தோடு அடித்துச் செல்லப்பட்ட மத்ரஸாப் பிள்ளைகளின் ஜனாஸாவுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். அடுத்த வருடம் அதே நவம்பரில் டித்வா சூறாவளி வந்தது, நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போனார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

உமியைப் பற்றி ஒரு சொல். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை அடுப்பில் போட்டு நெல் அவிக்கிறீர்களே, அது நல்ல வேலை; அந்தப் புகையில் உள்ள காபன் போன போகத்தில் காற்றில் இருந்து வந்ததுதான், திரும்பிப் போகிறது. நிலக்கரி போலப் பூமிக்குள் கோடி வருடம் கிடந்தது அல்ல. ஆனால் நனைந்த உமியைப் போட்டு, காற்றை அடைத்து, கரும்புகை விட்டால் அது ஊருக்குத்தான். எங்கள் ஒழுங்கையில் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் சாம்பல் நிறமாக வரும். எந்த ஆலை என்று எழுத மாட்டேன், அவருக்குத் தெரியும். புகைபோக்கிக்கு முன்னால் தூசியைச் சுழற்றிப் பிடிக்கும் கூம்பு ஒன்று வைத்தால் பெரும்பகுதி அடங்கும். வயலில் தண்ணீர் தேங்கி நிற்பதால் வரும் மெதேன் வாயு இன்னொரு பெரிய கதை. அது போடியார்மாருக்கும் வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானைமாருக்கும் எழுத வேண்டிய தனி மடல்.

எல்லோரும் ஒரே நாளில் மாற வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு அரிசி ஆலை, ஒரு ஐஸ் ஆலை போதும். சிறுபோக அறுவடை தொடங்கும்போது ஒரு மாதம் மட்டும் வேலையைக் காலை எட்டுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் நடுவே நகர்த்திப் பாருங்கள். நான் ஒவ்வொரு மோட்டருக்கும் தனி மீட்டர் பூட்டித் தருகிறேன், கூலி வேண்டாம், மீட்டரின் விலை மட்டும். யூனிட், டீசல், அரைத்த மூடை, வேலையாள் சொன்ன முறைப்பாடு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுவோம். நட்டம் என்றால் நட்டம் என்றே எழுதுவோம். அந்தக் கொப்பியின் பிரதியைத்தான் ஆணைக்குழுவின் மேசையில் வைக்க வேண்டும். "இவ்வளவு நட்டத்தோடு நாங்கள் பகலில் அரைத்தோம், நீங்கள் விலையை இவ்வளவு இறக்கினால் அது சரிவரும்" என்று தொகையைக் காட்டிக் கேட்பதற்கு அப்போது நம் கையில் ஆதாரம் இருக்கும்.

அன்று இரவு கூப்பிட்ட அந்தக் காக்கா இதை வாசித்தால்: உங்கள் இன்வேட்டரில் எரிந்த சிவப்பு லைட் பிழை இல்லை. வெயில் இல்லை என்று சொல்லத்தான் அது எரிந்தது. உங்கள் தெற்குப் பக்கக் கூரையில் இரண்டாவது வரிசைப் பனலில் காகக் கூடு ஒன்று இருக்கிறது, அதை மட்டும் பகலில் வந்து எடுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வரட்டா? அந்த நேரம் ஆலை ஓடுமா?

இப்படிக்கு,
ஏணி கட்டிய முச்சக்கர வண்டிக்காரன்,
கல்முனைக்குத் தெற்கே